பூச்சியத்துக்குக் கீழே ஒரு கிண்ணம்

2001.08.18: −2¾ > −2⅓
2013.06.08: −2¾ < −2⅓
2014.06.14: −2¾ < −2⅓
2016.06.11: −2¾ < −2⅓
2019.06.15: −2¾ < −2⅓
2021: வகுப்பு நடக்கவில்லை
2023.06.10: −2¾ < −2⅓ < 0

முதல் வரி பிழை. அந்தப் பிழைக்குச் சொந்தக்காரர், மாத்தளையில் மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்ற மாணிக்கவாசகம் முதலாளி. அதற்குக் கீழே உள்ளவற்றைக் கரும்பலகையில் எழுதியவள், அலுவிகாரையில் பிரத்தியேக வகுப்பு நடத்தும் கணித ஆசிரியை நிஷ்மியா. விடுபட்ட ஆண்டுகள் சிலவற்றிலும் அவள் எழுதினாள். திகதி உறுதியாகத் தெரிந்தவை மட்டுமே இங்கே உள்ளன.

2001இல் அவள் எட்டாம் தரம். ஊரில் மாணவர் முன்னேற்றச் சங்கம் என்று ஒன்று இருந்தது, தலைவர் மாணிக்கவாசகம். சங்கம் வைத்த கணிதப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மூன்று பிள்ளைகள் வந்தார்கள்: நிஷ்மியா, முதலாளியின் மகன் தர்மேந்திரன், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தனுஜன். கேள்விகள் மூன்று வகுப்பு மேலே படிக்கிறவர்களுக்கே கடினமானவை. முதல் பரிசு ஒரு கிண்ணம்; பிள்ளைகள் வாயில் கப். சரியான விடைக்கு ஒரு புள்ளி. பிழையான விடைக்கு முதல் பகுதியில் மூன்றில் ஒன்றும், இரண்டாம் பகுதியில் நாலில் ஒன்றும் கழியும். எழுதாமல் விட்டால் ஒன்றும் கழியாது.

நிஷ்மியா முதல் பகுதியோடு மல்லுக்கட்டினாள். பத்து பிழை, ஒன்று சரி. தர்மேந்திரன் இரண்டாம் பகுதிக்குள் இறங்கினான். பதினைந்து பிழை, ஒன்று சரி. தனுஜன் பெயரை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்தான். தாள் திருத்திய ஆசிரியர் புள்ளிகளைச் சரியாகவே போட்டுவிட்டு, கண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்தும் வேலை மேடையில் இருந்த தலைவர் கையில் விழுந்தது.

"ரெண்டே முக்கால் பெருசு. ரெண்டும் மூணுல ஒண்ணும் அதவிடச் சின்னது. பூச்சியம்னா ஒண்ணுமே இல்ல. தர்மேந்திரன் ஃபர்ஸ்ட்!" என்றார் மாணிக்கவாசகம். அதில் கள்ளம் எதுவும் இல்லை. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் அப்படியேதான் வாசித்திருப்பார்.

நிஷ்மியா எழுந்தாள். "சேர், அது மைனஸ். மைனஸ்ல கூடப் போனா குறைவு."

"மைனஸ் உங்க ரெண்டு பேருக்கும் பொதுதானே மகள்? நம்ம கடைல வார ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு நிறை இருக்கு. பொதுவா இருக்கிறத வெட்டிட்டுத்தானே எது பாரம்னு பாக்கிறோம்?"

மண்டபத்தில் பாதிப் பேர் வியாபாரிகள். அவர்கள் தலையாட்டினார்கள். தினமும் கையால் செய்கிற காரியம் அது. இரண்டு மூட்டையிலும் ஒரே நிறையைக் கழித்தால் பாரமான மூட்டை பாரமாகவே இருக்கும், வரிசை மாறாது. ஆனால் மைனஸை எடுத்துவிடுவது கழித்தல் ஆகாது. பூச்சியத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்களைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது அது. அப்போது வரிசையே தலைகீழாகும். அவளுக்கு அது விளங்கியது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

மாணிக்கவாசகம் அவளை விட்டுவிட்டு அவளுடைய வாப்பா பக்கம் திரும்பினார். "ஹுசைன் நானா, கணக்குல தோத்த பிள்ள எனக்குக் கணக்குப் படிச்சுத் தருது பாத்தீங்களா?"

சிரிப்பு எழுந்தது. ஹுசைன் வீட்டுத் தோட்டத்து மிளகை வருடா வருடம் அந்தக் கடையில் கொடுப்பவர். வேறு கடைக்குப் போய் நிற்கத் தெரியாதவர். அவர் மகளின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "முதலாளிக்கிட்ட மன்னிப்புக் கேளு மகள்."

கேட்டாள். கிண்ணம் போனதை அவள் ஒரு மாதத்தில் மறந்திருப்பாள். மன்னிப்புக் கேட்டது அப்படியே கிடந்தது.

படித்து முடித்து, ஆசிரியையாகி, 2013இல் வகுப்பைத் தொடங்கினாள். தரம் ஏழுக்கு விகிதமுறு எண்களை ஒப்பிடும் பாடம் வந்தது. முதல் கணக்கே அதுதான். பொதுப் பகுதியெண் பன்னிரண்டு; ஒன்று −33/12, மற்றது −28/12. எண் கோடு கீறி இரண்டையும் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு சோக்கைக் கீழே வைத்துவிட்டு, "இதப் பிழையா வரிசைப்படுத்தி இந்த ஊர்ல கப் குடுத்திரிக்காங்க. பெரிய தெருல மிளகுக் கடைல கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஈக்கு. போய்ப் பாத்துட்டு வாங்க, அதுதான் வீட்டு வேல" என்றாள்.

பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். பார்த்துவிட்டுச் சும்மா வருவார்களா?

"முதலாளி, ரெண்டே முக்கால் கிலோ மைனஸ் மிளகு தாங்க!"

"மைனஸ நான் எடுக்கவா, நீங்க எடுப்பீங்களா முதலாளி?"

இரண்டு வருடத்துக்குள் அவருக்கு மைனஸ் முதலாளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. லொறிக்காரர்கள் அதைத் தம்புள்ளை வரைக்கும் கொண்டுபோனார்கள். கடை விலாசம் தெரியாமல் வந்தவன்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டான். நிஷ்மியாவிடம் படித்த பிள்ளைகள் எவரும் அந்தப் பாடத்தில் பிழை விட்டதில்லை. நல்ல ஆசிரியை என்று பேர் வாங்கினாள். அவளுக்கு அது இரண்டாம் பட்சம். பிள்ளைகள் கடைப் பக்கம் போகிற சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கியது.

ஒருமுறை பஸ் நிலையத்தில் முதலாளியே மறித்தார். "சின்னப் பிள்ளைல நடந்ததுக்கு இன்னும் எத்தன வருசம் டீச்சர்?"

"பாடத்திட்டத்துல ஈக்கிற வரைக்கும், முதலாளி."

வாப்பாவும் கடைசிக் காலத்தில் கேட்டுப் பார்த்தார். "விட்டுரு மகள். அவரும் வயசாளி."

"என்னக் கேக்க வெச்ச மன்னிப்ப அவரு திருப்பித் தரட்டும் வாப்பா. அந்தக் கப் அந்தக் கடைய விட்டுப் போகட்டும். விட்டுர்றேன்."

2017இல் ஹுசைன் மௌத்தானார். மைனஸ் முதலாளி ஜனாஸாவுக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். அடுத்து வந்த பாடத்தில் அவள் எண்களை இன்னும் பெரிதாக எழுதினாள்.

2023 தொடக்கத்தில் தர்மேந்திரனே வகுப்புக்கு வந்தான். கடை இப்போது அவன் பொறுப்பு. கையைப் பிடித்தபடி மகள் தனுஷா, தரம் ஏழு.

"இவளுக்குப் பின்னம் வருதே இல்ல டீச்சர். உங்கள விட்டா ஊர்ல ஆள் இல்ல." கொஞ்சம் நின்று, "அந்தக் கணக்க மட்டும் இவ இருக்கிற வகுப்புல..." என்று இழுத்தான்.

"பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்தக் குனிவை அவள் ஆசையோடு பார்த்தாள்.

ஜூன் பத்தாம் திகதி, இரண்டாம் வாங்கில் உட்கார்ந்திருந்த தனுஷாவைப் பார்த்தபடியே கணக்கை எழுதினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். தனுஷா எண் கோடு கீறி, புள்ளி வைத்து, கையை உயர்த்தினாள்.

"டீச்சர், மூணு பேரு எழுதினதா தாத்தா சொல்வாரு. மத்தவருக்கு எவ்வளவு?"

"அவன் ஒண்ணும் எழுதல்ல. பூச்சியம்."

"அப்ப அவருதானே ஃபர்ஸ்ட்?"

பின் வாங்கிலிருந்து ஒரு குரல், "டீச்சர் செகண்ட் டோய்!" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மண்டபத்தில் எழுந்த அதே சிரிப்பு.

நிஷ்மியா கரும்பலகைக்குத் திரும்பினாள். பிழையை அதில் விட்டுவைக்க அவளால் முடியாது. < 0 என்று தானே சேர்த்து எழுதினாள்.

வகுப்பு கலைந்த பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் எழுதாதவனை முதலாளி மட்டுமா கணக்கில் எடுக்கவில்லை? அவளும்தான் எடுக்கவில்லை. மாணிக்கவாசகத்தின் வரிசையில் அவள் நடுவில் நின்றாள். வரிசையைச் சரியாகப் புரட்டினால், கடைசி ஆள் முதலுக்கும் முதல் ஆள் கடைசிக்கும் போவார்கள்; நடுவில் நிற்பவள் நடுவிலேயே நிற்பாள். இத்தனை காலம் அவள் கேட்ட நியாயத்தில் அவளுக்கென்று எதுவும் இல்லை. பிறகு இன்னொன்று மெல்ல உறைத்தது. இந்த வரிசையில் தர்மேந்திரன் இரண்டாவதும் இல்லை. மூன்றாவது. கடைசி.

அடுத்த ஞாயிறு தம்புள்ளைக்குப் பஸ் ஏறினாள். தனுஜன் அங்குள்ள மரக்கறி மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கரட்டும் லீக்ஸும் ஏற்றி வரும் லொறியின் சாரதி. மூட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டான்.

"அப்ப நானா டீச்சர் ஃபர்ஸ்ட்?"

"ஓ. நீங்கதான்."

"ஒண்ணுமே எழுதாம?"

"ஒண்ணையும் பிழையா எழுதாம."

"ஒரு கேள்வியும் விளங்கல்ல. பிழையா எழுதினா வெட்டுவாங்கன்னாங்க, பேசாம இருந்துட்டேன்." அவன் சிரித்தான். "எனக்கு எதுக்குக் கப்? லொறில வைக்க இடமில்ல."

"லொறில வைங்க, ஆத்துல போடுங்க. அந்தக் கடைல மட்டும் இரிக்கக் கூடாது."

"உங்களுக்குக் கோவம் பயங்கரம் டீச்சர்" என்றபடி அவள் நீட்டிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டான். முதலிடம் தனுஜன், இரண்டாம் இடம் நிஷ்மியா, மூன்றாம் இடம் தர்மேந்திரன் என்று பதிவைத் திருத்திக் கிண்ணத்தை உரியவரிடம் ஒப்படைக்கும்படி சங்கத்துக்கு எழுதியிருந்தாள்.

சங்கத்துக்கு இன்னும் மாணிக்கவாசகமே தலைவர். முதல் பதில் ஜூலையில் வந்தது: பழைய விடயம், எடுத்துப் பேச முடியாது. இரண்டாவது நவம்பரில் வந்தது. நிஷ்மியாவும் தர்மேந்திரனும் இணை முதலிடம்; சங்க மண்டபத்துப் பலகையில் அவள் பெயர் பொன்னெழுத்தில் ஏறும்; அவள் அந்தக் கணக்கை நிறுத்த வேண்டும். பதின்மூன்று வயதில் அவள் கேட்டதற்கு மேலாகவே இருந்தது. இரண்டு தரம் வாசித்தாள். பலகையில் தன் பெயரை ஒரு கணம் பார்க்கவும் செய்தாள். பக்கத்தில் தர்மேந்திரன் பெயரும் மினுங்கியது. தனுஜன் பெயர் எங்கும் இல்லை. ஒரே வரியில் பதில் எழுதினாள்: −2⅓ உம் −2¾ உம் சமன் என்று நிறுவிக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

பிறகு நடந்ததைத் தர்மேந்திரன்தான் அவளிடம் சொன்னான். மிளகு பரப்புகிற சீமெந்துத் தரையில் தனுஷா சோக்கால் நீளமாக ஒரு கோடு கீறியிருக்கிறாள். தராசுக்கு நேரே பூச்சியம். இடப்பக்கம் நிஷ்மியா, அதற்கும் அப்பால் அப்பா.

"தாத்தா, சாக்கு நிறைய வெட்டினா ரெண்டு பேரும் ஒரே பக்கம் நகருவாங்க. மைனஸ வெட்டினா ரெண்டு பேரும் பூச்சியத்தத் தாண்டி அங்கிட்டுப் போயிருவாங்க, அப்பா முன்னுக்கு. நடந்து பாருங்க."

கிழவர் பூச்சியத்தில் நின்று, ஊன்றுகோலோடு இடப்பக்கம் நடந்தார். நிஷ்மியாவைக் கடந்துதான் மகனிடம் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். அந்த மாதமே கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னாராம்.

கடைசிக் கடிதம் சங்கத்துத் தாளில் வரவில்லை. கிழவரின் சொந்தக் கையெழுத்து. கிண்ணம் தனுஜனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவு அவள் கேட்ட வரிசையிலேயே திருத்தப்பட்டுவிட்டது. "உங்களிடம் கேட்டு வாங்கிய மன்னிப்பை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளவும். இனி அந்தக் கணக்கை எழுதாமல் விட்டால் நன்றி உடையவன்" என்று முடிந்திருந்தது.

நிஷ்மியா அதை மடித்துச் சோக்குப் பெட்டியின் கீழே வைத்தாள். வாப்பாவிடம் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. மன்னிப்பு வந்துவிட்டது, கிண்ணமும் போய்விட்டது. அன்றைக்குப் பாடம் சதவீதம். பிள்ளைகள் கொப்பியைத் திறந்து காத்திருந்தார்கள். அவள் சதவீதத்தைத் தொடவில்லை. மூன்று பெயர்களையும் வரிசையாக எழுதினாள்; பக்கத்தில் மூன்று எண்கள்.

"டீச்சர், இது போன வருசம் செஞ்சதுதானே?" என்றாள் தனுஷா.

"மறந்திருப்பீங்க."

"மறக்கல்ல."

"நானும் மறக்கல்ல. எழுதுங்க."

பிறகு, எந்தப் பாடத்துக்கும் செய்வதுபோல, கரும்பலகையின் வலது மூலையில் அன்றைய திகதியைப் போட்டாள்: 2024.03.14.