மொஸ்கோக்காரருக்காகத் திறந்த பெட்டி

லண்டன் இல்ஃபோர்டில் இறந்த, இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியின் எங்கள் பீக்கிங் பிரிவுத் தலைவரைச் செங்கொடி போர்த்தி மரணச்சடங்கு மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தோம். ஒழுங்குகள் என் பொறுப்பு. நேரம் முடிந்ததும் பெட்டியை மூடச் சொன்னேன். அப்போதுதான் வட லண்டன் எட்மண்டனிலிருந்து மொஸ்கோ பிரிவுத் தோழர் ஊன்றுகோலுடன் வந்தார். சீனா பக்கம், ரஷ்யா பக்கம் என்று கட்சி பிளந்த நாளிலிருந்து அவருக்கும் தலைவருக்கும் பேச்சில்லை.

“மூடினால் திறக்க ஏலாது அண்ணை. அதுதான் விதி,” என்றேன்.

தலைவரின் மனைவி எழுந்தார். “திறவுங்கோ தம்பி. கடைசியாய் அவர் கேட்டதே, ‘அந்தத் துரோகி வரேல்லையோ’ எண்டுதான்.”

திறந்தோம். வந்தவர் குனிந்து கன்னத்தைத் தடவினார். “டேய், மொஸ்கோவில புரட்சித் தலைவரைக் கண்ணாடிப் பெட்டிக்க வைச்சு இன்னும் மூடேல்லை. உன்னை மத்தியானத்துக்குள்ள மூடிப்போட்டாங்களே!”

மண்டபப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

“உடன்பிறந்தவர்,” என்றேன்.

ஓய்வுபெற்ற பின்னும் விதிகளை விடாதவன் நான். ஆனாலும் அன்று சொன்னது பொய்யென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.