பொதுக் கிணற்றில் ஒரு குடம்

பேரையூர்ப் பக்கம் கள்ளுக்கடை மறியலில் உட்கார்ந்த அன்று, சப் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரிடம் வலது கையைத் தரையில் வைக்கச் சொன்னார். இவரும் வைத்தார். அந்த ஆள் பூட்ஸ் காலால் மிதித்துத் திருகினார். அதன் பிறகு அந்தக் கை மண்வெட்டி பிடிக்கவில்லை.

"நம்ம ஆளுக ஆட்சிக்கு வரட்டும், எல்லாம் மாறும்" என்பார். வெள்ளைக்காரர்கள் இருக்கும்போதே, தேர்தலில் ஜெயித்து வந்தார்கள். நாங்களும் மாலை கட்டிக்கொண்டு போனோம்.

அந்தக் கோடையில் எங்கள் தெரு ஊருணி வற்றியது. பொதுக் கிணற்றுக்குப் போன எங்கள் பெண்களை, தீட்டு என்று மிராசுதார் ஆட்கள் அடித்தார்கள். ஒருவன் என் தண்டட்டியைப் பிடித்து இழுத்ததில் காது அறுந்து தொங்கியது.

தல்லாகுளம் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனோம். வாசலில், இவர் கையை மிதித்த அதே போலீஸ்காரர், இப்போது இன்ஸ்பெக்டராக. பக்கத்தில், இவரோடு ஜெயிலில் இருந்த தலைவர்.

"ஒரு கெணத்துக்காக நம்ம ஆட்சிக்குக் கெட்ட பேரு வாங்கித் தராதீங்கப்பா" என்றார் தலைவர்.

"நம்ம ஆட்சின்னுதானய்யா வந்தோம்" என்றார் இவர்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். எங்களை வெளியே தள்ளினார்கள்.

ஊர் திரும்பியதும் என் கொழுந்தன், "அண்ணே, மிராசுதார் வைக்கப்படப்பக் கொளுத்திட்டு வாரேன்" என்று கிளம்பினான்.

"வேண்டாம். அவங்க நம்ம தெருவையே கொளுத்துவாங்க. காலைல எல்லாரும் குடத்தோட போவோம். யாரும் கை ஓங்கக் கூடாது."

"இன்னும் எம்புட்டு அடி வாங்கணும்ணே?"

"தெரியலடா."

காலையில் போனோம். கொழுந்தன் சொன்ன சொல் தப்பாமல் கையைத் தொங்கவிட்டபடியே நின்றான். அவன் மண்டையில்தான் முதல் அடி விழுந்தது. பிறகு அவன் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆடிக்குள் போய்விட்டான்.

காரியம் முடிந்ததும் இவர் மறுபடி தல்லாகுளத்துக்குக் கிளம்பினார். "தம்பியக் குடுத்தும் புத்தி வரலையா?" என்று கேட்டேன்.

"வேற வழி தெரிஞ்சாச் சொல்லு. அதுல போறேன்."

எனக்குத் தெரியவில்லை. அவர் மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சோறு கட்டிக் கொடுத்தேன்.

வெள்ளைக்காரர்கள் போன பிறகுதான், போலீஸ் காவலோடு அந்தக் கிணற்றில் ஒரு குடம் இறைத்தேன். மறுநாளிலிருந்து ஊர்க்காரர்கள் யாரும் அங்கே வரவில்லை. தங்களுக்கென்று வேறு கிணறு வெட்டிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தனியாகத்தான் உட்கார வைத்தார்கள்.

அதற்கும் மனுக் கொடுக்க இவர் புறப்பட்டார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன்.