தோளில் நான்கு விரல்கள்

இதைப் படிக்கிற நீங்கள் கோமதி அக்காவைத் தெரிந்தவராகத்தான் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். செயலாளர் ஐயாவிடமும் வார்டன் அம்மாவிடமும் காட்டவே காட்டாதீர்கள். மற்றப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் அரிசி மூட்டைகள் வைத்திருக்கும் அறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். என் பெயரை எங்கும் எழுதப்போவதில்லை.

திங்கட்கிழமை காலை எங்கள் பிள்ளைகள் இல்லத்திலிருந்து பள்ளிக்கு வரிசையாக நடந்து போனோம். ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சுவரில் அக்காவின் படம் ஒட்டியிருந்தது. அக்கா பிளக்ஸ் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாமே அவர் கணினியில்தான் பிறக்கும். அதனால் அது அவருடைய கடை விளம்பரம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகுதான் தோற்றம், மறைவு என்ற இரண்டு தேதிகளைப் பார்த்தேன். பின்னால் வந்த செல்வி, "ஏன்டி நின்னுட்ட, நட" என்று முதுகில் இடித்தாள். நடந்தேன். மூளைக்காய்ச்சல், சேலத்துக்குக் கொண்டுபோயும் முடியவில்லை என்று சாயங்காலம் சமையல்கார அக்கா சொன்னார். அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், என்னிடம் இல்லை.

எங்கள் இல்லத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று செயலாளர் ஐயா அக்காவை அழைத்திருந்தார். மற்றவர்களாக இருந்தால் அலுவலகத்தில் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா எங்கள் கூடத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். பிழையாக அச்சாகி வீணான காதணி விழா நோட்டீஸ்களைக் கட்டாகக் கொண்டுவந்திருந்தார். அவற்றின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்தார். ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கமாம்.

"ஏஞ்சாமி, உங்களைப் பத்தி ஊருக்கு என்ன தெரியோணும்?" என்று கேட்டார்.

செல்வி, "எங்களுக்கு உப்புமா புடிக்காதுன்னு போடுங்க்கா" என்றாள்.

"மொதல் பக்கத்துலயா, ரெண்டாம் பக்கத்துலயா?"

"மொதல் பக்கத்துல. பெருசா."

அக்கா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நன்கொடையாளர்கள் பிறந்தநாளுக்கு ஒருநாள் உணவு கொடுப்பார்கள் அல்லவா, அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கேட்கும் பலகாரம் என்று ஒரு பட்டியலே வந்தது. உப்புமா அதில் இல்லை.

இரண்டாவது நாள் ஐயாவும் வந்தார். "முகத்தப் பாத்தாத்தாம்மா மனசு எளகும். இந்தப் புள்ளயப் பெருசா போடு, கண்ணு நல்லாருக்கு" என்று என்னைக் காட்டினார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். எங்கள் சோறும் சோப்பும் அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கி வருவதுதான். ஆனால் நான் செல்வியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "எதுக்குச் சாமி ஒளிஞ்சுக்கற?" என்றார். அவரிடம் சொன்னேன். அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிவைக்க இருந்ததை, முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து கூட்டிவந்ததை, எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்துக் கூட்டிப்போவேன் என்று மாமா சொல்லி அனுப்பியதை எல்லாம் சொன்னேன். இதை அதிகாரிகளிடமும் சொல்லியிருக்கிறேன். அது படிவத்தில் இருக்கிறது. ஒரு மனுஷியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க மாமன் போன் பாப்பாரா?"

"போர்வெல் போடற ரிக் வண்டில வேலைங்க்கா. எந்த ஊர்ல போர் போட்டாலும் கையில போன்தானுங்க்கா."

"செரி. அப்ப உன் மூஞ்சி வராது."

உள்ளே போய் ஐயாவிடம் கேட்டார். "ஏனுங்கய்யா, உங்க பேத்தி போட்டோவப் போட்டு, இவளுக்குச் சோறு இல்லைன்னு கீழ எழுதட்டுங்களா?"

"என்னம்மா பேச்சுப் பேசற."

"இதுவும் அதேதானுங்க."

ஐயா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். பிறகு, "என்னமோ பண்ணு" என்றார். அதன் பிறகு அக்கா போட்ட திட்டத்தில் முகமே இல்லை. பின்னல்கள், கேரம் காய் சுண்டும் கைகள், நாங்கள் வரைந்த படங்கள், கொடியில் காயும் பாவாடைகள், இவைதான். கடைசித் தாளின் அடியில் 'பிள்ளைகள் முகம் எங்கும் இல்லை' என்று எழுதி, ஐயாவிடம் கையெழுத்து வாங்கினார். "கையெழுத்து வாங்காம மிசினுக்குப் போகக் கூடாது சாமி. அச்சானதுக்கு அப்புறம் நான் சொல்லவேயில்லம்பாங்க" என்பது அவருடைய தொழில் வாக்கு.

இன்னொன்றும் சொல்வார். "வெட்டறதுதான் இந்தத் தொழிலே." ஒரு படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுக்கும்போது பக்கத்தில் நின்றவரின் கை ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். ஒரு அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவர் தோள்மேல் யாரோ கை போட்டிருந்ததாம். "மச்சானோட கை அது. அவரு டீக்கடைல உக்காந்து அதையே பாத்துட்டிருக்காரு" என்றார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு எங்களைப் பார்க்க உறவுகள் வரும் நாள். எனக்கு யாரும் வருவதில்லை. அன்று நான் மாடிப்படியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். போன மாதம் அக்கா வந்தார். சார்ஜரை மறந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். சார்ஜரின் வயர் அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் என் பக்கத்தில் படியிலேயே இருந்தார். கிளம்பும்போது ஐயா கையெழுத்துப் போட்ட அந்தக் கடைசித் தாளை என்னிடம் கொடுத்தார். "ஆபீஸ்ல வெச்சா எங்காச்சும் போயிரும். நீ வெச்சுக்க." செல்வி, அக்காவின் போனிலேயே அக்காவைப் படம் எடுத்தாள். நான் பின்னால் நின்று அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, முகம் விழாமல் குனிந்துகொண்டேன்.

இன்று பள்ளிவிட்டு வரும்போது சுவரொட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்தப் படத்தைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டியவருக்குக் கை சரியாக வரவில்லை. அக்காவின் இடது தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன. நகத்தில் மருதாணி. அவை என்னுடையவை. ஊரே பார்க்கிறது, யாருக்கும் தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லத் தோன்றிய ஆள் அந்தச் சுவரில்தான் இருந்தார்.

இல்லத்துக்கு வந்தால், இணையதளத்தை முடிப்பதற்குக் கேமராவோடு வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஐயா அவரிடம், "கோமதி நல்ல பொண்ணு, பாவம். ஆனா புடிவாதம். இப்பத்தான் அந்தப் பொண்ணே இல்லையே. முகத்தோடயே போட்டுரலாம்" என்றார். நாளைக் காலை எல்லோரும் தலை குளித்துப் பொங்கல் துணி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முதல் ஆள் நான்.

அக்கா எனக்கு விட்டுப்போனது ஒரு மஞ்சள் தாள். ஒரு பக்கம் யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா, மறுபக்கம் எங்கள் திட்டம், அடியில் ஐயாவின் கையெழுத்து. இவ்வளவு நாள் கணக்குப் புத்தக அட்டைக்குள் ஒளித்துவைத்திருந்தேன். காட்டினால் என்னை வேறு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. காட்டாவிட்டால் மாமா வருவார். நாளைக்கு வரிசையில் நிற்கும் முன் அதை ஐயாவிடம் நீட்டுவேன். குரல் வராவிட்டாலும் பரவாயில்லை, தாளில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரில் சீக்கிரம் வேறு யாருடைய சுவரொட்டியாவது ஒட்டுவார்கள். அதுவரைக்கும் அக்காவை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும்

கதவைத் தட்டுகிறார்கள். வார்டன் அம்மா. "ஆருடி உள்ள, கதவத் தொற" என்கிறார். இந்த நோட்டை மூட்டைக்குப் பின்னால் போடுகிறேன். தாளைப் போடவில்லை. தாள் என் கையில்