தெல்மா எறிந்த ஜோக்கர்

தெல்மா கிராஸ்னரோடு மாஜாங் என்கிற சீனக் கட்டை விளையாட்டை ஆடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அவள் அதிகம் ஜெயிப்பதில்லை. ஆனால் அடுத்தவளை ஜெயிக்கவும் விடமாட்டாள். புரூக்ளினில் கையுறைக் கடையில் நின்ற காலத்தில், வாடிக்கையாளர் வாசல் ஏறும்போதே கை அளவைச் சொல்லிவிடுவாளாம். ஃபுளோரிடாவுக்கு வந்தபின் அந்தக் கண் எங்கள் மேல் விழுந்தது. எந்தக் கட்டையை எறிகிறோம், எதை எறியத் தயங்குகிறோம் என்று பார்த்தே நம் கையில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். நமக்கு வேண்டிய கட்டை அவளிடம் போனால் கிணற்றில் போட்ட கல்தான். தன் ஆட்டமே குலைந்தாலும் வெளியே விடமாட்டாள்.

"உனக்கும் உதவாது, எனக்கும் குடுக்க மாட்ட. என்ன ஜென்மம்டி நீ?" என்று கத்துவேன்.

"வாயத் திறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்பாள். பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவளைப் பார்க்காமல் ஒரு வாரம் தள்ள முடியாது.

போன ஏப்ரலில், எங்களோடு ஆடும் எஸ்டெல்லின் மகள் மார்சியா நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தாள். எஸ்டெல் இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்திருந்தாள். அம்மாவைத் தனியே விடலாமா, கையோடு கூட்டிப்போய் முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று முடிவு செய்யத்தான் மகள் வந்தாள். எஸ்டெல்லுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. எங்களுக்கும் அதே கதிதான். அவள் இல்லாமல் எங்களுக்குச் சிரிப்பு ஏது?

நீச்சல் குளத்தை ஒட்டிய அறையில் வழக்கமான செவ்வாய்க்கிழமை ஆட்டம். மார்சியா காபி கேக்கோடு ஓரமாக உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்தெந்தச் சேர்க்கை செல்லும் என்று ஆண்டுக்கொரு அட்டை எங்களுக்கு வரும். புது அட்டை வந்ததும் பழையது குப்பை. எஸ்டெல் மூங்கில் படம் போட்ட மூன்றாம் எண் கட்டைகளில் ஒரு செட்டை மேசையில் இறக்கினாள். பிறகு புள்ளி போட்ட எட்டில் ஒரு செட். நான் அட்டையைப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து வரும் வரியே அதில் இல்லை. பழைய அட்டையை வைத்துக்கொண்டு ஆடுகிறாள்! நாங்கள் யாராவது "உன் கை செத்தது" என்று சொன்னால் அவள் ஆட்டம் அதோடு முடிந்தது, தப்பும் மகள் கண்முன் வெளிவந்துவிடும். நான்காமவள் பெர்னீஸ் தன் கட்டைகளைத் தவிர எதையும் பார்க்கமாட்டாள், அதனால் அந்தப் பயம் இல்லை. ஆனால் எஸ்டெல்லே, ஜெயித்துவிட்டதாக நினைத்து "மாஜாங்!" என்று கத்தி எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டால்?

தெல்மா பழைய அட்டையையும் மறக்கிறவள் அல்ல. மேசையில் சுவர்போல் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு கட்டை எடுத்தாள், எஸ்டெல்லை ஒருமுறை பார்த்தாள். எடுத்ததைத் தன் வரிசையில் செருகிக்கொண்டு, "ஜோக்கர்" என்று நடுவில் எறிந்தாள்.

எந்தக் கட்டைக்கும் பதிலாக நிற்பது ஜோக்கர். எறிந்துவிட்டாலோ யாராலும் அதை எடுக்க முடியாது.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் பெர்னீஸ்.

"கண்ணாடி போட மறந்துட்டேன்."

"அப்ப மூக்கு மேல என்ன, கொக்கா உக்காந்திருக்கு?"

எஸ்டெல் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஜோக்கரையே பார்த்தாள். பிறகு தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காதுவரை சிவந்துபோனாள்.

"என் கை செத்துப்போச்சுடி. இது போன வருஷ அட்டை."

"அத நாங்கதான் சொல்லணும், நீயே சொல்லக்கூடாது" என்றாள் பெர்னீஸ்.

மார்சியா தட்டைக் கீழே வைத்தாள். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"தெல்மா கல்யாண மோதிரத்தக்கூடக் கழட்டிக் குடுப்பா, ஜோக்கரப் போடமாட்டா. அதையே போடறான்னா, எனக்கு வேண்டிய கட்டைய உள்ள அமுக்கிட்டான்னு அர்த்தம். வழக்கமா அப்படிச் செஞ்சா மூஞ்சியில திமிர் இருக்கும். இன்னிக்கு என்னைப் பரிதாபமாப் பாத்தா. நான் ஜெயிச்சா இவளுக்கு ஏன் பரிதாபம்னு யோசிச்சேன். அப்பறந்தான் அட்டையப் பாத்தேன்."

மார்சியா சிரிக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "தானா அணையற அடுப்பு ஒண்ணு வாங்கி வெச்சிட்டு நான் தனியாவே ஊருக்குப் போறேன்மா. இந்த மூளையக் கொண்டுபோய் எந்த இல்லத்துல அடைக்கிறது?"

தெல்மா தன் வரிசையைத் திருப்பிக் காட்டினாள். அந்த ஜோக்கரைப் போடாமல் இருந்திருந்தால், ஒரே ஒரு கட்டைதான் பாக்கி. "நான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம்டி! உன்னக் காப்பாத்தப் போயி..."

"யாரு உன்னக் காப்பாத்தச் சொன்னது?" என்று எஸ்டெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவே இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு நானும் பெர்னீஸும்தான் கட்டைகளைக் கலக்க வேண்டியிருந்தது.