பனமரத்துப்பட்டித் தொகுதியைத் தேடி ஒரு சனிக்கிழமை

ஏற்காடு, கொல்லிமலை என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இந்த முறை போனது மலைக்கும் இல்லை, அருவிக்கும் இல்லை. இல்லாமல் போன ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு. சிரிக்க வேண்டாம். போய்வர 35 கிலோமீட்டர், இரண்டு பேருக்கு மொத்தச் செலவு 254 ரூபாய், ஒரு காலைப்பொழுது போதும்.

காரணம் பிலோமினா அக்கா. கொண்டலாம்பட்டிக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். நான் வேலை செய்யும் பள்ளியில் சமையல் அவர் பொறுப்பு. வாக்காளர் பட்டியலைத் திருத்தப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் நம் பெயர் எந்தத் தொகுதியில், எத்தனையாவது பாகத்தில், என்ன வரிசை எண்ணில் இருந்தது என்று எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் ஆவணம் காட்ட வேண்டும். அக்காவிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஞானஸ்நானச் சான்றிதழ்தான் உண்டு, அதுவும் கரையான் ருசி பார்த்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவர். படிவம் கொடுக்க ஒரு வாரம்தான் பாக்கி. பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ரசத்துக்கு இரண்டு முறை உப்புப் போட்டார். அன்று முந்நூறு பிள்ளைகள் தண்ணீர்ப் பானையைக் காலி செய்தார்கள்.

“பழைய லிஸ்ட்ல தேடித் தரேன், எந்தத் தொகுதிக்கா?” என்று கேட்டேன்.

“சேலந்தான் சாமி. வேற எது?”

இப்போது அவர் வீடு சேலம் தெற்கில் வருகிறது. 2008இல் தொகுதிகளை மாற்றி வரைவதற்கு முன்பு சேலம் தெற்கு என்று ஒன்று இல்லை. சேலம் 1, சேலம் 2, அவ்வளவுதான். இரண்டிலும் மூன்று இரவு தேடினேன். உலகத்தில் உள்ள பிலோமினாக்கள் எல்லாம் வந்தார்கள், நம் அக்கா வரவில்லை. அதனால்தான் சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன். எல்லை எங்கே ஓடுகிறது என்று நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ஒரு வீராப்பு.

அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலை 7.10க்குக் கிளம்பினோம். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு. அக்கா வீட்டிலிருந்து 600 மீட்டரில் ஒரு டீக்கடை. சேலம் தெற்கு அந்தக் கடையோடு முடிந்துவிடுகிறது, எதிர்ச்சாரி வீரபாண்டித் தொகுதி. டீ ஆற்றுபவருக்கு ஓர் எம்.எல்.ஏ., ரோட்டைத் தாண்டிப் போய் நின்று குடிப்பவருக்கு வேறு எம்.எல்.ஏ. டீ 12 ரூபாய், இரண்டு தொகுதிக்கும் ஒரே விலை.

கடைக்காரரிடம் பழைய கதையைக் கேட்டேன். அவர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“இந்தப் பக்கமெல்லாம் அப்போ பனமரத்துப்பட்டித் தொகுதிங்க. ஓடைக்கு அங்கிட்டுதான் டவுனு. நம்மளத் தெற்கோட சேத்தது அப்புறங்க.”

அக்காவுக்கு ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. “ஏனுங்க, எங்க பங்கு சேலமுங்க. பூசைக்கு அங்கதான் போறோம், பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் அங்கதான், எங்க ஊட்டுக்காரர அடக்கம் பண்ணுனதும் அங்கதான். பனமரத்துப்பட்டிக்கு நான் போனதே இல்லீங்க.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா ஊர் சொன்னது மாதாகோயில் கணக்கில், அதாவது அந்தக் கோயிலின் வட்டாரமான பங்கை வைத்து. சாமியார் எந்தப் பங்கோ அந்தப் பங்கே ஊர், அந்த ஊரே தொகுதி. பங்கின் எல்லைக்குள் ஓடையின் இரண்டு கரையும் வரும். தொகுதி வரைந்தவர்கள் ஓடையோடு நிறுத்திவிட்டார்கள். மூன்று இரவு கண்ணெரியத் தேடிய என்னை நானே நொந்துகொண்டேன். ஓட்டு எங்கே போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அங்கேயே போனில் தேடினால் பக்கம் திறக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “சும்மா நிக்கறதுக்கு அந்த ஊரையாவது பாத்துட்டு வந்துரலாம் சாமி. என் தொகுதின்னு சொல்றாங்கல்ல” என்றார் அக்கா. நல்ல யோசனை.

நாமக்கல் நெடுஞ்சாலையில் 11 கிலோமீட்டர், 8.05க்கு மல்லூர். லாரிகள் ஒட்டி உரசிக்கொண்டு போகும், இடது ஓரத்தைவிட்டு நகராதீர்கள். மல்லூரில் இட்லியும் தோசையும் இரண்டு பேருக்கு 90 ரூபாய். சட்னியில் அக்கா குறை கண்டுபிடித்தார், அது தொழில் பழக்கம். அங்கிருந்து இடப்பக்கம் பிரிந்து 8 கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் அரளித் தோட்டம், சிவப்பும் வெள்ளையுமாக. மொட்டுப் பறித்து முடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சேலம் கடைவீதிக்கு வரும் அரளியெல்லாம் இங்கிருந்துதானா என்று அக்கா வழிநெடுக வியந்துகொண்டு வந்தார்.

9.15க்குப் பனமரத்துப்பட்டி ஏரிக்கரை. இந்த ஊரின் பெயரில் எத்தனையோ தேர்தல் நடந்திருக்கிறது. இப்போது ஊர் வீரபாண்டிக்குள் அடக்கம். கரும்புச்சாறு விற்பவரிடம் விசாரித்தால், “தொகுதி போனா என்னங்க, ஏரி இங்கதான இருக்குது” என்று சொல்லி மிஷினைச் சுற்றினார். ஒரு டம்ளர் 20. கரைமேல் காற்றும் இருந்தது, சிக்னலும் இருந்தது. பழைய பட்டியலில் பனமரத்துப்பட்டியைத் தொட்டதும் பாகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எதைத் திறப்பது?

“ஓட்டு எங்கக்கா போடுவீங்க?”

“பூசை முடிஞ்சு செருப்பக் கையில எடுத்துட்டு ஓடையத் தாண்டுவோம். எங்க கரை ஏறுனதும் ஒரு பள்ளிக்கூடம். தெக்குப் பக்கத்துக் கட்டடம். ஓடு ஒழுகும்.”

பள்ளியின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கரையில் அப்போது ஒரே பள்ளிதான். பட்டியலில் ‘தெற்குக் கட்டிடம்’ என்று போட்ட பாகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். பதினாலாவது பக்கத்தில் நின்றது விரல். 412 அந்தோணிசாமி. 413 பிலோமினா, கணவர் அந்தோணிசாமி.

போனை வாங்கிக் கண்ணருகில் வைத்துக்கொண்டார். தன் பெயரைப் பார்க்கவில்லை. மேல் வரியையே பார்த்தார். அந்தோணிசாமி அண்ணன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

“அவருக்கு வயசு முப்பத்தொன்னுன்னு போட்டிருக்குது சாமி. எம் பெரியவனுக்கே இப்போ முப்பத்தி மூணு.”

அதைச் சொல்லிச் சிரித்தார், கண்ணும் கலங்கியது. எனக்கும்தான். கரும்புச்சாறுக்காரர் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து டம்ளரை வாங்காமலே நின்றார். நல்ல சேதிதான் என்று அக்கா அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பியது நிலவாரப்பட்டி வழியாக. 10.50க்குக் கொண்டலாம்பட்டி.

இதே வேலையாகக் கிளம்புபவர்களுக்கு: இன்றைய தொகுதிப் பெயரை நம்பிப் பழைய பட்டியலில் தேடாதீர்கள். 2008க்கு முன் உங்கள் தெரு எந்தத் தொகுதியில் இருந்தது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். எந்தப் பள்ளியில் ஓட்டுப் போட்டீர்கள், போகும் வழியில் எதைத் தாண்டினீர்கள் என்று வீட்டில் கேளுங்கள், அது போதும். ஏரியைப் பார்ப்பதானால் பத்து மணிக்குள் போய்விடுங்கள், கரையில் நிழல் குறைவு. தொப்பி கட்டாயம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே அக்கா பட்டியல் தேடும் கடையை விரித்துவிட்டார். அவரைப் போலவே சேலம் சேலம் என்று தேடிக்கொண்டிருந்த நாலு குடும்பத்துக்குப் பெயர் கிடைத்தது. திங்கட்கிழமை படிவம் வாங்க அங்கன்வாடி டீச்சர் வந்தார். இந்த வேலையும் அவர் தலையில்தான். அக்கா தொகுதிக் கட்டத்தில் தன் கையாலேயே பனமரத்துப்பட்டி என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“வரிசை எண் சொல்லுங்க்கா” என்றார் டீச்சர்.

“நானூத்திப் பன்னெண்டு, நானூத்திப் பதிமூணு.”

“ஒன்னுதானுங்க்கா வேணும். உங்களது மட்டும்.”

“தெரியுமுங்க. பதிமூணுன்னே எழுதிக்கங்க” என்றார் அக்கா. “அவருதுஞ் சொல்லோணும்னு இருந்துச்சு.”