மூன்றாம் பாகம் பார்க்கப் போன நாள்

நான் வேலை செய்யும் தேநீர்க் கடை தோட்டத்துக்குச் சொந்தமானது. சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்து தேநீரும் கேக்கும் சாப்பிடுவார்கள். அன்று கூட்டமில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் சன்னலோரம் உட்கார்ந்து, மறுநாள் வெளியாகவிருந்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏதோ சிறப்புக் காட்சியில் முன்பே பார்த்துவிட்டாளாம்.

"ஆளே மாறிட்டாருடி. படம் முழுக்கக் குடிச்சிக்கிட்டே இருக்காரு. ஒரு சண்டைகூட இல்ல."

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். "எந்தப் படம்மா? லோரி ஓட்டுறவரா வருவாரே, அதுவா?"

"அதேதான்க்கா. மூணாவது பார்ட்."

பயத்தில் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தேன். ஒரு சினிமாவுக்கு இப்படிப் பயப்படுவாளா ஒருத்தி என்று கேட்கலாம். காரணம் இருந்தது.

என் கணவர் தோட்டத்தின் உச்சியிலிருக்கும் மேல் டிவிஷனிலிருந்தும் மற்றப் பகுதிகளிலிருந்தும் கொழுந்து மூட்டைகளைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுகிறார். ஆறு வருடத்துக்கு முன் குடித்துவிட்டு ஓட்டி, லோரியைக் கால்வாயில் இறக்கினார். யாருக்கும் அடிபடவில்லை, வேலையும் தப்பியது. ஆனால் குடி நிற்கவில்லை. நான் அழுதேன், மாமியார் கோயிலில் நேர்ந்துகொண்டார், தோட்ட ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டுத் திட்டினார். எதற்கும் அசையாதவர், ஒரு நாள் போனில் அந்தப் படத்து நடிகர் மேடையில் பேசியதைப் பார்த்தார். "நான் தொட்டதில்லை. என் படம் பார்க்கிற தம்பிகளும் தொட வேணாம். வீட்டுல ஒருத்தி காத்திருக்கா." அவ்வளவுதான் பேச்சு. வீட்டிலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கவிழ்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தொடவில்லை.

அந்த நடிகர் படத்திலும் அப்படித்தான். மலைப்பாதையில் லோரி ஓட்டுகிறவர், எதற்கும் பயப்படாதவர், பத்துப் பேர் வந்தாலும் ஒற்றை ஆளாக நிற்கிறவர். முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் என் கணவர் எத்தனை தடவை பார்த்தார் என்று சொல்ல முடியாது. "நம்மாளு" என்றுதான் சொல்வார். எங்களை யாரென்றே தெரியாத ஒருவரின் முகத்தில்தான் என் வீட்டு நிம்மதி தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் எனக்கு எப்போதும் தெரியும். நினைத்தால் தூக்கம் போய்விடும். அதனால் நினைக்க மாட்டேன்.

அன்று மாலை மெல்லப் பேச்செடுத்தேன். "நாளைக்குப் படத்துக்கு ஈப்போ போகணுமா? மழையா இருக்கே. அடுத்த வாரம் பாப்போமே."

"வேன் சொல்லியாச்சு. பத்துப் பேரு வர்றாங்க. நான்தானே ஓட்டணும்," என்றார். "என்ன, ஒரு மாதிரியா இருக்க?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் இங்கேயே உடைந்து போவாரோ என்று பயம். சொல்லாமல் விட்டால் அங்கே போய் உடைவாரோ என்றும் பயம். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

விடியும்போதே கிளம்பினோம். எங்கள் ஒன்பது வயது மகளும் வந்தாள், பள்ளி விடுமுறை. எல்லோரும் நடிகரின் முகம் போட்ட ஒரே மாதிரிச் சட்டை. வழியில் கம்போங் ராஜா டவுனில் நிறுத்திப் பசியாறினோம். மலை இறங்குகிற வரை வேனுக்குள் பாட்டும் கூத்தும்தான்.

அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் பெயர் வந்தபோது விசில் காதைக் கிழித்தது. பிறகு முதல் காட்சி. தாடி நரைத்த ஒரு மனிதர் அழுக்குப் பாயில் கிடக்கிறார், பக்கத்தில் காலிப் போத்தல். விசில் அப்படியே அறுந்தது. முகத்தை மூடியிருக்கும் கையை எடுப்பார், எழுந்து நிற்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் எழவில்லை. விபத்தில் மகனைப் பறிகொடுத்த லோரிக்காரர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை உதறுகிறது. ரவுடிகள் வரும்போது லோரிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார்.

"ஏம்மா அவரு அடிக்கல?" என்று மகள் என் காதில் கேட்டாள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் வெளிச்சம் அதில் ஏறி இறங்கியது. அவர் கண் இமைத்ததாகவே தெரியவில்லை. இடைவேளையில் பாதிப் பேர் கத்திக்கொண்டு வெளியே போனார்கள். அவர் அசையவில்லை. "தண்ணி வேணுமாங்க?" என்றேன். அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வேனே கொதித்தது. தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர்தான் அதிகம் கத்தினார். "இதுக்கு மூணாவது பார்ட் எடுக்காமலே இருந்திருக்கலாம்லா! அவரு அடிச்சாத்தானே படம்? அழுறதுக்கு வேற ஆளா இல்ல?"

கணவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். மலையேறத் தொடங்கியதும் மழை பிடித்தது, அதன் பின்னாலேயே மூடுபனி. மேட்டுப்பக்கத்திலிருந்து செம்மண் கரைந்து ரோட்டில் ஓடியது. அவர் வேனை நத்தை போல நகர்த்தினார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. பத்துப் பேரும் என் மகளும் அவர் கையில் இருந்தார்கள். நான் மகளின் கையை இறுக்கியதில் அவள், "வலிக்குதும்மா" என்றாள்.

கம்போங் ராஜாவில் ஒரு சீனர் கடைக்கு முன் வேனை நிறுத்தினார். இறங்கி உள்ளே போனார். அந்தக் கடை எனக்குத் தெரியும். முன்னால் பிஸ்கட்டும் சவர்க்காரமும், உள்ளே பீர் அடுக்கிய குளிர்பெட்டி. பழைய நாட்களில் அங்கிருந்து அவரை இழுத்து வந்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் பொறுத்தேன். வரவில்லை. மகளை மண்டோர் மனைவியிடம் விட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். கதவு மூடித்தான் இருந்தது.

"என்னங்க..."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் உதறின. "பாத்தியா? படத்துல அவருக்கு நடுங்கிச்சே, அதே மாதிரி."

"வாங்க, போலாம். புள்ள வண்டியில இருக்கு."

"எனக்கு இது இன்னைக்கு வந்ததில்ல. அந்தக் கால்வாய்ல எறக்குனதுலேர்ந்து இருக்கு. மழை பேஞ்சா, மேல் டிவிஷன் வளைவுல திரும்புறப்ப, தெனமும் செத்துப் பொழைக்கிறேன். யாருகிட்டயும் சொல்லல. நம்மாளு பயப்பட மாட்டாரு, நானும் பயப்படக் கூடாதுன்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

ஆறு வருடமாக அவர் குடியை நினைத்து மட்டுமே நான் பயந்திருக்கிறேன். தினமும் காலையில் எந்தப் பயத்தோடு லோரி ஏறினார் என்று எனக்குத் தெரியாது.

"அவங்க எல்லாம் திட்டுறாங்க. ஆனா எனக்கு அவரு நடிச்ச மாதிரி தெரியல," என்றார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். கணவர் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தார். மீதித் தூரம் மண்டோர்தான் ஓட்டினார்.

படம் ஓடவில்லை. நடிகர் மேடையேறி, ரசிகர்கள் கேட்டபடியே அடுத்த பாகத்தில் பழைய ஆளாக வருவேன் என்றார். தோட்டத்தில் வெடி கொளுத்தினார்கள். என் கணவர் போகவில்லை. அந்த வாரமே ஆபிஸுக்குப் போய், மழை நாட்களில் மேல் டிவிஷனுக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கிராணி ஒத்துக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். அது அவர் காதிலும் விழுகிறது.

இதுவரை அவர் குடிக்கவில்லை. குடிக்காமல் இருக்க இனி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் துணிவில்லை. மழை வந்தால் லோரி எடுக்கும் முன் எனக்குப் போன் செய்து, "கெளம்புறேன்" என்கிறார். நான் கோப்பைகளைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, அந்த ஒரு சொல் குழறாமல் தெளிவாக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.