துண்டு போட்ட இடம்

பனியன் கம்பெனியில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. தைத்து வந்த பனியனுக்குள் இரண்டு கைகளையும் விட்டு விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்டுப்போன கோடு, எது கண்ணில் பட்டாலும் தனியே எறிந்துவிட வேண்டும். செக்கிங் என்று அதற்குப் பெயர். நாள் முழுக்க இதையே செய்தால் கண் அதற்குப் பழகிவிடும். நன்றாக இருந்த பனியன் ஒன்றுகூட எனக்கு நினைவில் நின்றதில்லை. மனிதர்களையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிய நாளாயிற்று.

அறுபதுகளின் நடுவில் திருப்பூருக்கு வந்தேன். எங்கள் ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே. அம்மா போன பிறகு, அண்ணன் வீட்டில் நான் அதிகப்படி என்பது சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் தெரிய ஆரம்பித்தது. கிளம்பி வந்துவிட்டேன். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், லைன் வீடு ஒன்றில் ஒற்றை அறை. வேலை நாளில் மெஷின் சத்தத்தில் ஒன்றும் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். சனிக்கிழமை சாயங்காலம் பேசியதோடு சரி, திங்கள் காலை வரை வாயைத் திறக்க ஆள் கிடையாது. டீக்கடையில் "ஒரு டீ" என்று கேட்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும்.

மத்தியானச் சாப்பாடு கம்பெனிக்கு எதிரே இருந்த மெஸ்ஸில். சங்கு ஊதியதும் பெஞ்சில் இடம் பிடிக்க அடிதடி. எங்கள் கம்பெனியில் துணி பின்னும் மெஷின் ஓட்டிய ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சுவரோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் தன் துண்டைப் போட்டு வைப்பார். யாராவது உட்காரப் போனால், "ஆள் வர்றாங்க" என்பார். ஆள் வரமாட்டார்கள். ரசத்துக்கும் வரமாட்டார்கள், மோருக்கும் வரமாட்டார்கள். இலையை எடுக்கும்போது துண்டையும் எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். தினமும் இதே கதைதான்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம், இடம் கிடைக்காமல் தூணோரம் நின்றிருந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வா கண்ணு, உக்காரு" என்றார்.

"ஆள் வர்றாங்கன்னு சொன்னீங்க."

"வந்தாப் பாத்துக்கலாம். நீ உக்காரு."

அன்றிலிருந்து மூன்று வருஷம் அது என் இடம். நான் வருகிற வரை துண்டு கிடக்கும், வந்ததும் எழுந்துவிடும். பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. "இன்னைக்கு மோர் புளிக்குது கண்ணு, ஊத்திக்காதே" என்பார். "சரிங்ண்ணா" என்பேன். திருப்பூரில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அதைக் கேட்கத் திங்கட்கிழமை மத்தியானம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவேன். துண்டு முதலில் யாருக்காகக் கிடந்தது என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இடம் கிடைத்துவிட்டதே.

ஆயுதபூஜைக்கு எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் நாடகம் உண்டு. நான் நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்துப் படிப்பவன் என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவைக்க, அந்த வருஷம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒத்திகை என்று சாயங்காலம் பத்துப் பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட ஆள் இருந்தது.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக் கதை. படித்துக் காட்டினால் ஒருவரும் அசையவில்லை. அண்ணன், தம்பி, பண்ணையாள், எல்லாரும் என்னைப்போலவே பேசினார்கள். இவர்கள் எழுந்து போய்விட்டால் மறுபடியும் அந்த ஒற்றை அறைதான் என்ற பயம் வந்தது. அன்றைக்கே மூன்றாம் காட்சியில் ஒரு ஆளைக் கொண்டுவந்தேன். எங்கே போனாலும் பக்கத்தில் துண்டைப் போட்டு, "ஆள் வர்றாங்க" என்பவன். கல்யாணப் பந்தியில் போடுவான், பஸ்ஸில் போடுவான், பஞ்சாயத்தில் போடுவான். படித்து முடிப்பதற்குள் பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரைச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வேஷம் கட்டியவர் கட்டிங் பிரிவில் துணி வெட்டுபவர். யாரைப்போல வேண்டுமானாலும் நடந்து காட்டுவார். அவர் மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"ஏனுங்க, இவன் துண்டை ஆருக்குப் போடறான்? தெரிஞ்சா அதுக்குத் தக்கன நடிப்பனுங்க."

"யாருக்கும் இல்லீங்க. சிரிப்புக்குத்தான்."

"சும்மா ஒருத்தன் போடுவானுங்களா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுதினதைப் பேசினால் போதும் என்றேன். பதில் தெரியாதவனுக்கு வருகிற கோபம் அது.

பூஜையன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் கம்பெனி முற்றத்தில் நாடகம். துண்டுக்காரன் மேடைக்கு வந்ததுமே கூட்டம் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தது. நான் திரையோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் பொரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது. அத்தனை பேர் திரும்பிப் பார்க்கும்போது ஒரு மனிதர் வேறு என்ன செய்ய முடியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. முதலாளி எனக்கு மாலை போட்டார்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று, அவர் கேட்டைத் தாண்டும்போதே யாரோ "ஆள் வர்றாங்க" என்று குரல் கொடுத்தார்கள். சிரிப்பு துணி பின்னும் கொட்டகை வரை போயிற்று. மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனேன். அவர் அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். துண்டு தோளில் இருந்தது. பக்கத்தில் சலவைப் பட்டறை ஆள் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"அக்கட்டால இடம் இருக்குதுங்க" என்று அந்தப் பக்கத்துப் பெஞ்சைக் காட்டினார்.

மூன்று வருஷத்தில் அவர் எனக்கு 'ங்க' போட்டது அன்றுதான் முதல் தடவை. அன்று என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

சாயங்காலம் கேட்டருகே காத்திருந்து, "நாடகத்துல தப்பா ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போய் நின்றார். "எல்லாத்துக்கும் ஊடு வாசல் வெச்சிருந்தீங்க. பண்ணையாளுக்குக்கூட ஒரு அம்மா இருந்தாங்க. அந்தாளுக்கு மட்டும் துண்டைத் தவுத்து ஒண்ணும் குடுக்கலீங்களே."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சரி செய்திருப்பேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் ஒரே கம்பெனியில் இருந்தோம். எதிரே பார்த்தால், "சௌக்கியங்களா" என்பார். எனக்கு நாடகம் எழுதுபவன் என்று பெயர் வந்து, பக்கத்து ஊரான நெருப்பெரிச்சல் வரை கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒவ்வொரு வருஷமும் ஒத்திகை நாட்களில் ஆள் இருந்தது, மாலை வாடுவதற்குள் காலியாயிற்று. மெஸ்ஸில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே சாப்பிட்டேன்.

வேலையை விட்டு அவர் சோமனூரில் தங்கை வீட்டோடு இருக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். கடைசி நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். துணிப்பை ஒன்றோடு தனியாக நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணா, அந்தத் துண்டு... யாருக்குங்ண்ணா போட்டு வெச்சீங்க?"

அவர் அவசரப்படாமல் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அடுத்த நாடகத்துக்குங்களா?"

"இல்லீங்ண்ணா" என்றேன்.

அவர் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. உதடு அசைந்தது. அந்த ஒரு நொடியில், அவர் சொல்லப்போவதை எந்தக் காட்சியில் வைக்கலாம் என்று என் மனம் இடம் தேட ஆரம்பித்துவிட்டது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வர்றனுங்க" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.